ஊத்தினாத்தான் எடுக்கும்: கிணற்றடியிலிருந்து ஓர் ஆங்கிலத் தொடர்

ஆங்கிலத்தில் ‘பிரைம் தி பம்ப்’ என்று ஒரு தொடர் உண்டு. பட்ஜெட் சமயத்தில் ஆங்கிலப் பத்திரிகை புரட்டுபவர்கள் ‘பம்ப் பிரைமிங்’ என்ற வடிவத்தில் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அரசு சாலைக்கும் ரயிலுக்கும் முதலில் பணத்தைப் போட்டால், அதைப் பிடித்துக்கொண்டு தனியார் முதலீடு வரும் என்பது அங்கே அதற்குப் பொருள். ‘ஏதோ ஊக்கம் கொடுக்கிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டு பெரும்பாலானவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் அப்படிப் போகவேண்டியதில்லை. கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வார்த்துக் கடைந்து, அவிநாசியிலும் காங்கேயத்திலும் கிணற்றுக்குள் இறக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பழகிய பொருளைப் பற்றிய தொடர் இது. பம்பு தெரிந்தவர்களுக்கு இந்த உருவகம் எங்கே பொருந்துகிறது, எங்கே கைதவறிப் பயன்படுகிறது என்பது சட்டென்று பிடிபடும். அதனால் பொருளாதாரத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பம்பிலிருந்தே தொடங்குவோம்.

இந்தத் தொடர் பிறந்த காலத்தில் மின்மோட்டார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புழங்கியதாக அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். ‘பிரைம்’ என்றால் வேலைக்கு முன்னால் நிரப்பித் தயார்செய்வது. துப்பாக்கிக்கு மருந்து வைப்பதற்கும் அதே சொல்தான். பெயிண்டுக்கு முன்னால் சுவரில் அடிக்கிற பிரைமரும் அங்கிருந்து வந்ததுதான். தொடரை உருவாக்கியவர்கள் மனதில் இருந்த பம்பு, உருளை தரைக்கு மேலேயே இருக்கிற சின்ன அடிபம்பு. அந்த உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் விளிம்பில் தோல் வாஷர் இருக்கும். சில நாள் அடிக்காமல் விட்டால் தோல் காய்ந்து சுருங்கிவிடும். உருளைச் சுவருக்கும் தோலுக்கும் நடுவில் காற்று புகுந்து போகும். எவ்வளவு அடித்தாலும் கைதான் வலிக்கும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் தோல் ஊறி விரிந்து சுவரை ஒட்டிக்கொள்ளும், மேலே தேங்கிய தண்ணீர் மிச்ச இடுக்கையும் அடைக்கும். கொஞ்சம் வேகமாக அடித்தால் தண்ணீர் ஏறிவிடும். ஊர்ப் பொது இடங்களில் இருக்கிற இந்தியா மார்க் 2 கைபம்பில் இந்த வேலையே இல்லை. அதன் உருளை ஆழத்தில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது.

ஆக, ஆங்கிலத் தொடரில் இருக்கிற தண்ணீர் ஒரு சொம்பு. இடுக்கை அடைக்கிற தண்ணீர். நம்ம ஊர்க் கிணற்று மோட்டாருக்கு ஊற்றுகிற தண்ணீர் வேறு வேலை செய்கிறது, அளவும் வேறு. உருவகத்துக்கு வரும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தேவைப்படும்.

பம்பு தண்ணீரை ‘இழுக்கிறது’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். எந்தப் பம்பும் தண்ணீரை இழுப்பதில்லை. பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கிற காற்றுமண்டலம் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத்துக்குத் தள்ள முடியும். கோவை ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது 9.8 மீட்டர். ஊட்டியில் 8 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இதிலும் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு, வளைவு, குழாயின் உராய்வு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டால் நம்பி வைக்கக்கூடிய உறிஞ்சு உயரம் 6 முதல் 7 மீட்டர், அதாவது 20 அடி சொச்சம். எத்தனை எச்.பி. மோட்டார் போட்டாலும் இந்த 20 அடி மாறாது. அதனால்தான் கொங்குப் பக்கம் பாறை உடைத்துத் தோண்டிய ஆழமான கிணறுகளில் மோட்டார் கரைமேல் இருக்காது. கிணற்றுச் சுவரிலேயே திட்டு விட்டு அதில் உட்கார வைத்திருப்பார்கள். கீழ்பவானியிலோ பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலிலோ தண்ணீர் விட்டு ஊற்று ஏறினால் மோட்டாரை மேலே தூக்கவேண்டும்; சித்திரை வெயிலில் மறுபடியும் கீழே இறக்கவேண்டும்.

சரி, காற்றுதான் தள்ளுகிறது என்றால் எதற்காகத் தண்ணீர் ஊற்றவேண்டும்? விஷயத்தின் நடுமையம் இங்கேதான் இருக்கிறது. மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் பம்பின் கேசிங் என்ற வெளிக்கூட்டுக்குள், இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் நிமிடத்துக்கு 2,800-க்கு மேல் சுற்றுகிறது. உள்ளே என்ன இருக்கிறதோ அதை வெளிவிளிம்புக்கு வீசுகிறது. தண்ணீர் இருந்தால் தண்ணீரை வீசும், காற்று இருந்தால் காற்றை வீசும். 30 மீட்டர் ஹெட், அதாவது 30 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் பலம், உள்ள ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் அது 30 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணைத் தாங்கும். உள்ளே காற்று மட்டும் இருந்தால் 30 மீட்டர் உயரக் காற்றுத் தூணைத்தான் தாங்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 850 மடங்கு கனம். 30 மீட்டரை 850-ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீர். மோட்டார் முழு வேகத்தில் சத்தம்போட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதன் உறிஞ்சு பலமோ இரண்டு விரல்கடை உயரத்தைத் தாண்டாது. தண்ணீர் இருப்பதோ 20 அடி கீழே. பம்பில் பழுது ஒன்றுமில்லை, மின்சாரத்தில் குறை ஒன்றுமில்லை, கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. நடுவில் காற்று நிற்கிறது, அவ்வளவுதான். ஊற்றுகிற தண்ணீர் அந்தக் காற்றை வெளியேற்றுவதற்காக.

எவ்வளவு ஊற்றவேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2 இன்ச் குழாய் மீட்டருக்கு 2 லிட்டர் பிடிக்கும். 2½ இன்ச் என்றால் 3.3 லிட்டர். 4 இன்ச் என்றால் கிட்டத்தட்ட 8 லிட்டர். 2½ இன்ச் உறிஞ்சு குழாய் 6 மீட்டர் நீளம் என்றால் 20 லிட்டர், கேசிங்குக்கு இன்னும் இரண்டு மூன்று லிட்டர். ஏறக்குறைய இரண்டு குடம். ஒன்றரைக் குடத்தோடு நிறுத்தினால் முக்கால்வாசித் தண்ணீர் வரும் என்று இல்லை. ஒரு சொட்டும் வராது. தண்ணீர் கீழிருந்து நிறைந்துகொண்டு வருகிறது, கேசிங் கடைசியில்தான் நிறையும். இம்பெல்லர் கடைசிவரை காற்றிலேயே இருக்கும். சொம்புத் தண்ணீர்க் கதை இங்கே செல்லாது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வெளியேறுகிற டெலிவரி பக்கம் கேட் வால்வு இருந்தால் மூடிவிடவேண்டும். கேசிங்கின் உச்சியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறக்கவேண்டும். புனல் வழியாக நிதானமாக ஊற்றவேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் வெளியே வரவேண்டிய காற்றுக்கு வழி இருக்காது. திருகு வழியாகக் குமிழ் இல்லாமல் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் அரைச் சுற்று, முக்கால் சுற்று திருப்பவேண்டும். இம்பெல்லரின் இறக்கைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிற காற்று அப்போதுதான் கிளம்பும். இரண்டு மூன்று குமிழ் ‘பொளக்’ என்று மேலே வரும், புனலில் மட்டம் ஒரு விரல் இறங்கும். மறுபடியும் ஊற்றவேண்டும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா நின்று புனலையே பார்க்கவேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மட்டம் அசையாமல் நின்றால் திருகை மூடி, மோட்டாரைப் போட்டு, அழுத்தம் ஏறியதும் கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். ஒரேயடியாகத் திறந்தால் மிச்சமிருக்கிற சிறு காற்றும் சேர்ந்து தண்ணீர்த் தொடரை அறுத்துவிடக்கூடும்.

மட்டம் இறங்கினால்? கிணற்றடியில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது:

“ஏனுங்ணா, ரெண்டு கொடம் ஊத்தியாச்சு. மோட்டாரும் நல்லாத்தான் ஓடுது. தண்ணி வரலீங்களே?”

“ஊத்துனது உள்ள நிக்குதான்னு பாத்தீங்களா? மொதல்ல மோட்டார நிறுத்துங்க. கீழ வால்வு ஒழுகுதுங்க தம்பி.”

குழாயின் அடிநுனியில் இருக்கிற ஃபுட் வால்வு ஒரு வழிக்கதவு. தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. ஊற்றியது கடகடவென்று இறங்கினால் கதவின் இதழில் குச்சியோ சல்லிக் கல்லோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக இறங்கினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. சிக்கிய குச்சிக்கு ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஒரே மூச்சில் ஊற்றிப் பார்க்கலாம்; சில சமயம் அடித்துக்கொண்டு போய்விடும். தேய்ந்த வாஷருக்குக் கிராமத்துக் கைவைத்தியம் சாணிக் கரைசல். கெட்டியாகக் கரைத்து ஊற்றினால் இறங்கிப்போய் இடுக்கில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அன்றைக்குத் தண்ணீர் பாயும். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அந்தச் சாணி கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் அடுத்த நாள் மறுபடியும் கரைக்கவேண்டும். ஒரு வாரம் சாணி கரைக்கிற நேரத்தில் குழாயைத் தூக்கி வாஷர் மாற்றிவிடலாம். ஆனால் குழாயைத் தூக்க ஆளும் கயிறும் வேண்டும். சாணிக்கு ஒன்றும் வேண்டாம். அதனால்தான் பல கிணறுகளில் சாணி வைத்தியமே வருடக்கணக்கில் நடக்கிறது.

புனலில் மட்டம் நிற்கிறது, மோட்டார் போட்டதும் தண்ணீர் விட்டுவிட்டு வந்து நின்றுவிடுகிறது என்றால் வேறு நோய். உறிஞ்சு பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. நிற்கும்போது வெளியே கசியாத மயிரிழை ஓட்டைகூட ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, மோட்டார் ஓடும்போது பிளாஞ்ச் இணைப்பு, மரை, ஷாஃப்ட் பம்புக்குள் நுழைகிற இடத்து அடைப்பான கிளாண்ட் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் காட்டிக்கொண்டே வரவேண்டும். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை ஓரிடத்தில் சட்டென்று வளைந்து இரும்புக்குள் நுழையும். அங்கேதான் ஓட்டை. கிளாண்ட் பேக்கிங்கை இறுக்கிவிட்டால் நல்லது என்று நினைத்து முழுக்க இறுக்கிவிடக் கூடாது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால்தான் ஷாஃப்ட் சூடாகாமல் இருக்கும். உறிஞ்சு குழாய் பம்பை நோக்கி ஏறிக்கொண்டே வரவேண்டும். நடுவில் மேடு தட்டியிருந்தால் அங்கே காற்று குடியேறும், எத்தனை முறை ஊற்றினாலும் அந்த மேட்டுக் காற்று போகாது. ஃபுட் வால்வின் மேல் குறைந்தது இரண்டு அடியாவது தண்ணீர் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் சுழி விழுந்து அது வழியாகக் காற்று இறங்கும். டிரான்ஸ்பார்மரில் வேலை நடந்த மறுநாள் தண்ணீர் குறைந்திருந்தால் இவை எதுவும் காரணமில்லை. பேஸ் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆட்டோ ஸ்டார்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். ராத்திரி 2 மணிக்கு மூன்று பேஸ் கரண்ட் வருகிறது, மோட்டார் தானாக எடுத்துக்கொள்கிறது. சாயந்திரத்திலிருந்து ஃபுட் வால்வு மெல்ல ஒழுகிக் குழாய் காலியாக இருந்தால் விடிய விடிய வெறும் பம்பு ஓடும். கேசிங்கில் மிச்சமிருக்கிற தண்ணீர் கொதித்து, கிளாண்டுக்குப் பதிலாக மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பாக இருந்தால் சீல் கருகி வெடித்துவிடும். வெளியே நிற்பவருக்குச் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அம்மீட்டர் காட்டிக்கொடுக்கும்: 5 எச்.பி. மோட்டார் தண்ணீர் எடுக்கும்போது சுமார் 7½ ஆம்பியர் இழுக்கும், வெறுமனே ஓடினால் அதில் பாதியளவுக்கு இறங்கிவிடும். டிரை ரன் தடுப்பான் என்று விற்கிற பெட்டி இந்தக் குறைவைப் பார்த்துத்தான் மோட்டாரை நிறுத்துகிறது.

பழகியவர்கள் பம்புக்கு மேலே ஒரு டிரம் வைத்திருப்பார்கள். தண்ணீர் நன்றாகப் பாய்கிற நேரத்தில் அதை நிரப்பி வைத்துவிடுவார்கள். அடுத்த தடவை ஊற்றுவதற்கு அதுதான் கைமுதல். டிரம் காலியாக இருந்தால் 60 அடிக் கிணற்றுப் படியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கவேண்டும்.

இனி உருவகம்.

‘பம்ப் பிரைமிங்’ அரசியல் பொருளாதாரச் சொல்லாகப் பரவியது 1930-களின் அமெரிக்காவில். 1929-இல் 104 பில்லியன் டாலராக இருந்த அந்நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு 1933-இல் 57 பில்லியன் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆலைகள் அப்படியே நின்றன, ஆட்கள் இருந்தார்கள், நிலமும் நிலக்கரியும் இருந்தன, ஓட்டம்தான் அறுந்திருந்தது. பம்பும் கிணறும் சரியாக இருந்து நடுவில் காற்று நிற்கிற நிலை. அதனால் இந்த உருவகம் அந்தச் சமயத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தியது என்றே நினைக்கிறேன். 1932 ஜனவரியில் அதிபர் ஹூவரின் அரசு வங்கிகளுக்கும் ரயில்வேக்கும் கடன் கொடுக்கப் புனரமைப்பு நிதிக் கழகத்தை அமைத்தது. அடுத்த அதிபராக ரூஸ்வெல்ட் வந்த பின் 1933 ஜூனில் பொதுப்பணிகளுக்கு 3.3 பில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் சுமார் 40 லட்சம் பேருக்கு அரசே நேரடியாக வேலை கொடுத்து, வசந்தம் வந்ததும் அந்தத் திட்டத்தை மூடியது. கடன் வாங்கியாவது செலவு செய்யுங்கள் என்று பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1933 டிசம்பர் 31 அன்று நியூயார்க் டைம்ஸில் ரூஸ்வெல்ட்டுக்குத் திறந்த கடிதம் எழுதினார்.

ஓட்டம் மெல்லத் திரும்பியது. 1937-இல் ‘போதும், தானாக ஓடும்’ என்று நினைத்து அரசு செலவைக் குறைத்தது. அதே ஆண்டு சமூகப் பாதுகாப்புக்கான சம்பள வரி பிடிப்பதும் தொடங்கியது. மத்திய வங்கியும் வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்கவேண்டிய இருப்பை இரட்டிப்பாக்கியிருந்தது. ஒரு வருடத்துக்குள் தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. 1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மறுபடியும் செலவுத் திட்டத்தோடு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிடம் போனார்.

இங்கேதான் சண்டை. எதிர்த்தவர்கள் ‘நாலு வருடம் ஊற்றினீர்கள், நிறுத்தியதும் நின்றுவிட்டது, அப்படியானால் இந்த வித்தையே பொய்’ என்றார்கள். ஆதரித்தவர்கள் ‘நிறைவதற்குள் நிறுத்திவிட்டீர்கள்’ என்றார்கள். கிணற்றடியிலும் இதே சண்டை நடப்பதுண்டு. அங்கே தீர்ப்பதற்கு வழி இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் புனலைப் பார்த்தால் போதும். பொருளாதாரத்தில் புனலைப் பார்த்தவர் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பிரவுனைச் சொல்லலாம். 1956-இல் அவர் 1930-களின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். மத்திய அரசு மேலிருந்து ஊற்றிய காலத்திலேயே மாநிலங்களும் உள்ளாட்சிகளும் வரியை ஏற்றிச் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் உள்ளே தங்கியது மிகக் கொஞ்சம். ஊற்றியது உண்மை, கீழே ஒழுகியதும் உண்மை. குழாய் ஒருபோதும் நிறையவில்லை. சொம்பு அளவில் யோசித்தவர்களுக்கு 3.3 பில்லியன் பெரிதாகத் தெரிந்தது. 47 பில்லியன் சுருங்கிய இடத்தில், அதுவும் பல வருடங்களில் பரவிச் செலவான தொகை அது.

இன்னொரு அமெரிக்கப் பொருளாதார அறிஞரான ஆல்வின் ஹான்சன் 1941-இலேயே இன்னொரு கோட்டையும் போட்டார். கொஞ்சம் ஊற்றி, ஓட்டம் பிடித்ததும் விலகிக்கொள்வது ஒன்று. தனியார் செலவு குறைந்திருக்கிற காலம் முழுக்க அந்த இடத்தை அரசே நிரப்பிக்கொண்டிருப்பது வேறொன்று. முதலாவதற்கு மட்டும்தான் ‘பம்ப் பிரைமிங்’ என்ற பெயர் பொருந்தும். இரண்டாவது தவறான கொள்கை என்பதில்லை, வேறு கொள்கை. நம்ம பத்திரிகைகள் இரண்டையும் ஒரே பெயரில் எழுதுகின்றன.

2008 டிசம்பருக்கும் 2009 பிப்ரவரிக்கும் இடையில் இந்திய அரசு மூன்று ஊக்கத் தொகுப்புகளை அறிவித்தது. உற்பத்தி வரி குறைந்தது. ஜவுளி போன்ற ஏற்றுமதித் தொழில்களின் கடனுக்கு 2 சதவீத வட்டிச் சலுகை கிடைத்தது. திருப்பூருக்கு அது பம்ப் பிரைமிங்கா? இல்லை என்பேன். அமெரிக்க, ஐரோப்பியக் கடைகள் ஆர்டரைக் குறைத்த நேரம் அது. கிணற்று மட்டமே இறங்கிவிட்டபோது மேலிருந்து ஊற்றுவதால் ஓட்டம் தொடங்காது. மட்டம் ஏறும்வரை சீல் கருகாமல் பார்த்துக்கொள்கிற உதவி என்று அதைச் சொன்னால் சரி. அந்த உதவி தேவையாகவும் இருந்தது.

‘இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்’ என்ற பழமொழியை இதற்கு இணையாகப் போடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்கிற கருத்துதான், ஆனால் இடம் வேறு. பழமொழியில் எடுக்க எடுக்க ஊற்றுக் கண் திறக்கிறது. கல்விக்கும் கொடைக்கும் அது பொருந்தும். ஆங்கிலத் தொடரில் ஊற்று ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது, எடுக்கிற கருவிக்குத்தான் முதல் நிறைவு வேண்டும். ‘பணத்தைப் போட்டுத்தான் பணத்தை எடுக்கணும்’ என்பதும் முழுக்க இதுவல்ல. வியாபாரத்தில் முதலுக்கு முதல் நிற்கவேண்டும், லாபம் அதன் அளவைப் பொறுத்து வரும். பம்புக்கு ஊற்றிய இரண்டு குடத்துக்கும் பிறகு பாய்கிற ஆயிரக்கணக்கான லிட்டருக்கும் அப்படி விகிதம் கிடையாது. மூன்று குடம் ஊற்றினால் அதிகத் தண்ணீர் வராது, வழிந்துதான் போகும்.

அன்றாடப் பேச்சில் இந்தத் தொடரைப் பயன்படுத்த ஆசைப்படுபவர்களுக்கு நல்ல உதாரணங்கள் நம்மிடமே இருக்கின்றன. கோயிலில் தட்டு சுற்றுக்குப் புறப்படுமுன் அதில் நாலைந்து பத்து ரூபாய்த் தாள்களைப் போட்டு வைப்பது பிரைம் தி பம்ப். கூட்டத்தில் ‘கேள்வி இருந்தால் கேளுங்கள்’ என்றதும் எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது, முதல் கேள்வி கேட்க ஒருவரை முன்பே சொல்லிவைப்பதும் அதுதான். புதிதாகத் தொடங்கும் வாரச்சந்தையில் முதல் இரண்டு மாதம் சுங்கம் வாங்காமல் விட்டு, வியாபாரிகளைப் பார்த்து வாங்குபவர்களும், வாங்குபவர்களைப் பார்த்து வியாபாரிகளும் வரப் பழகியபின் சுங்கம் போடுவது மிக நல்ல உதாரணம். சுங்கம் போட்ட வாரமே கடைகள் காணாமல் போனால், ஒழுகல் எங்கே என்று தேடவேண்டும். அல்லது அந்தப் பக்கம் சந்தைக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். வருடா வருடம் கொடுக்கிற மானியத்துக்கு இந்தத் தொடரைப் போடக் கூடாது. நட்டத்தில் ஓடுகிற கம்பெனிக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதற்கும் கூடாது. அது சாணிக் கரைசல்.

‘செல்ஃப் பிரைமிங்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். வீட்டுத் தொட்டிக்கு வாங்குகிற அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் பம்புக்குக்கூட முதல் தடவை கேசிங் நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். கேசிங்கில் தங்குகிற அந்தத் தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றித்தான் அது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுகிறது. தானாக எடுக்கும் என்பதற்கு ஒன்றுமில்லாமல் எடுக்கும் என்று பொருளில்லை. சப்மெர்சிபிள் கதை வேறு. அது தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் ஊற்றுகிற பேச்சே இல்லை. கொங்குப் பகுதியில் திறந்த கிணறுகள் வற்றி, பல நூறு அடி போர்வெல்லும் சப்மெர்சிபிளும் கம்ப்ரசரும் வந்தபின், புனலும் குடமும் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு இந்த ஆங்கிலத் தொடரை விளக்கவேண்டுமானால் முதலில் ஒரு மோனோபிளாக் பம்பைக் காட்டவேண்டும்.

2017 மே மாதம் தி எகனாமிஸ்ட் இதழுக்குக் கொடுத்த பேட்டியில் அப்போதைய அமெரிக்க அதிபர் டிரம்ப், இந்தத் தொடர் சில நாட்களுக்கு முன் தனக்குத் தோன்றியது என்றார். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி உடனே அதன் வயதைச் சுட்டிக்காட்டியது: தொடர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, அரசு முதலீட்டைக் குறிக்கும் வழக்கு 1930-களிலிருந்து இருப்பது. அந்தப் பேட்டியில் அவர் பேசியது வரிக்குறைப்பைப் பற்றி. முதலில் பற்றாக்குறை கூடும், பிறகு வளர்ச்சி அதை ஈடுகட்டும் என்ற வாதம். அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு. தொடரை அவர் பயன்படுத்திய இடம் அதன் பொருளுக்கு உட்பட்டதே.

நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிற குழப்பம் ஒன்று பாக்கி. ‘அந்தக் கம்பெனியில பணத்தப் பம்ப் பண்றாங்க’ என்று சொல்கிறோமே, அது வேறு ஆங்கிலத் தொடர். அங்கே பணம்தான் தண்ணீர். பெரிய அளவில், விடாமல் பாய்ச்சப்படுகிறது. பிரைம் தி பம்ப்பில் பணம் பம்புக்குள் ஊற்றுகிற இரண்டு குடம், பாயவேண்டியது வேறிடத்திலிருந்து வருகிறது. மின்னஞ்சலில் இரண்டில் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து, எதிரில் இருப்பவர் ஒருமுறை பணம் எதிர்பார்க்கிறாரா, மாதாமாதம் எதிர்பார்க்கிறாரா என்பது மாறிவிடும்.